பாண்டியைக் கொடுத்து ரிஞ்சுவை வாங்கியது

குருவிமலை எஸ்டேட்,
தேவிகுளம்.
24.11.2024

அன்பான பாய்க்கு,

சங்கையா எழுதுகிறேன். இங்கே ஆட்கள் சுகம், டீம்தான் சுகமில்லை.

ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இன்லண்ட் என்று சாந்தம்மாள் கேட்கிறாள். 2009 அரையிறுதி முடிந்து நாம் இருவரும் போனில் கத்திக்கொண்டு, எட்டு மாதம் பேச்சில்லாமல் கிடந்ததை அவள் மறந்துவிட்டாள். பந்து விஷயம் கடிதத்தில்தான் என்று அப்போது பேசி வைத்ததே நல்லது. கடிதத்தில் கெட்ட வார்த்தை வந்தால் அடித்துவிடலாம்.

நம் கோலி கத்தாருக்குப் போய்விட்டான். கோல் போஸ்டில் நிற்க ஆளில்லை. போன ஞாயிறு பயிற்சி ஆட்டத்தில் பொங்கியண்ணன் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் அண்ணன், நாற்பத்தாறு வயது. பந்து உள்ளே போய் வலையில் பட்ட பிறகு விழுகிறார். ஐந்து கோல் வாங்கினோம். லயத்துப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், எனக்கு அழுகை வந்தது.

பிப்ரவரியில் நடக்கும் எஸ்டேட் கேடயப் போட்டியின் சட்டம் மாறவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எந்த எஸ்டேட்டின் செக்ரோல் பதிவேட்டில் ஒருவன் பேர் இருக்கிறதோ, அந்த எஸ்டேட்டுக்குத்தான் அவன் ஆட முடியும். ஆகவே கோலி வேண்டுமானால் பேர் மாற்றுதான் வழி. நம் ஆள் ஒருவன் அங்கே வேலைக்குப் போக வேண்டும், அவர்கள் ஆள் இங்கே வர வேண்டும். யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம், யோசித்து எழுதுங்கள். புதிதாக வந்த அசிஸ்டென்ட் மேனேஜர் ஜிதின் சார்தான் இப்போது விளையாட்டுக் கமிட்டி. வருஷா வருஷம் ஜெர்சியும் பூட்ஸும் தருகிறவர் என்று உங்கள் மேல் அவருக்குப் பெரிய மதிப்பு.

வீட்டு விஷயம் ஒன்று. மார்ச் முப்பத்தொன்றோடு எனக்கு வேலை முடிகிறது. லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. நல்லவேளையாக ஜூனில் பாண்டியின் பேர் செக்ரோலில் நிரந்தரமாகிவிட்டது. வீடு அவன் பேருக்கு மாறும், நாங்கள் மூன்று பேரும் மகன் வீட்டில் இருந்துகொள்வோம். இல்லாவிட்டால் எங்கே போவது? அப்பா விட்டுவந்த ஊரில் எங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. சின்னவள் மோனிஷாவுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

இன்னொன்று, இது நமக்குள் இருக்கட்டும். தீபாவளிக்குப் பிறகு பாண்டிக்கு இடது முட்டி வீங்குகிறது. சாந்தம்மாள் தினமும் ஒத்தடம் கொடுக்கிறாள். பிப்ரவரிக்குள் சரியாகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள்
சங்கையா


கோபாலபுரம்,
3.12.2024

பிரியமுள்ள சங்கையாண்ணனுக்கு,

குஞ்சு முகம்மது எழுதிக்கொண்டது. கடை திறந்திருக்கிறது, செக்போஸ்டில் லாரி நிற்கிறது, நான் உயிரோடு இருக்கிறேன். வேறென்ன வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே நின்றுகொண்டு படித்தேன். பொங்கியண்ணன் கோலியா! செருப்பு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. மூன்று நாள் வேறு நினைப்பே இல்லை. என் மகன் நௌஃபலை உட்காரவைத்து, போன வருஷ ஆட்டம் எல்லாவற்றையும் போனில் ஓட்டச் சொன்னேன்.

நமக்கு வேண்டிய ஆள் நீலமேடு எஸ்டேட் ரிஞ்சு. ஆறடி உயரம். பதினொரு பெனால்டியில் ஆறு பிடித்திருக்கிறான். முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர்களை அதட்டுகிறான், அது ரொம்ப முக்கியம். நம் பையன்கள் அதட்டாமல் நகரமாட்டார்கள்.

நீலமேட்டுக்கு என்ன வேண்டும்? இடது கால்காரன். அவர்களிடம் இடது விங்கே இல்லை. நம்மிடம் இருக்கிற இடது கால் ஒன்றுதான். கோபப்படாமல் படியுங்கள் அண்ணா. பாண்டியைக் கொடுக்கலாம்.

பாண்டி எட்டாம் நம்பர் பூட்ஸ் போட்ட நாளிலிருந்து நான் பார்க்கிறேன். நல்ல ஆட்டக்காரன். ஆனால் முட்டி வீங்க ஆரம்பித்த விங்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே தெரிவதற்குள் கொடுத்துவிட்டால் நமக்கு லாபம். 2018-ல் உங்கள் லயத்துச் செபமாலையம்மாள் மகனை நீலமேட்டுக்குக் கொடுத்து சென்டர் ஃபார்வர்டை வாங்கியபோதும் லயத்தில் அழுதார்கள். கேடயம் வந்ததா இல்லையா? அந்த யோசனை யாருடையது? உங்களுடையது. நான் வேண்டாம் என்றதற்கு நாலு பக்கம் எழுதி என் வாயை அடைத்தீர்கள்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள், நாள் அதிகமில்லை.

வீட்டுக்காரி பாத்துவுக்குக் கண் மங்கல் கூடிவிட்டது. பாலக்காட்டில் காட்டினோம். ஆபரேஷன் என்கிறார்கள், பயப்படுகிறாள்.

உங்கள்
குஞ்சு முகம்மது


குருவிமலை,
12.12.2024

அன்பான பாய்க்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். உங்களுக்குத் தலையில் வெயில் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். கோபாலபுரத்து வெயில் அப்படி.

இடது விங்கை விற்று கோலி வாங்குகிறவன் கூரையைப் பிரித்து விற்றுக் கதவு செய்கிறவன். போன வருஷம் நாம் அடித்த ஏழு கோலில் நாலு பாண்டி தூக்கிப்போட்ட கார்னரில் வந்தது. அவன் போனால் கார்னரை யார் எடுப்பது, பொங்கியண்ணனா? ரிஞ்சு பெனால்டி பிடிப்பான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தரையோடு வரும் பந்துக்கு அவன் குனிவதற்குள் விடிந்துவிடும். நீலமேட்டுக்கு விங்கர்தான் வேண்டுமென்றால் நம் சின்ன ஸ்டாப்பரைக் கொடுப்போம், அவனுக்கும் இடது காலில் உதைக்கத் தெரியும். அல்லது கோலியே வேண்டாம், பொங்கியண்ணனுக்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுப்போம்.

முட்டி வீக்கம் பாதி வடிந்துவிட்டது.

பாண்டியைக் கொடுக்கக்கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அதை முன்பே எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரியும்.

சங்கையா


கோபாலபுரம்,
18.12.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

முடிந்தது! உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ஆனால் போன சனிக்கிழமையே ஜிதின் சார் எனக்குப் போன் செய்துவிட்டார். "பாய், யாரை விடணும், நீங்கதன்னெ பறயணும்" என்றார். நானும் சொல்லிவிட்டேன். "ஏனுங்க சார், ரோசிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. பாண்டியக் குடுத்துட்டு ரிஞ்சுவ வாங்குங்க. கேடயம் நம்ம ஊட்டுக்கு வந்தாப்பல" என்றேன். அன்றைக்கே நீலமேட்டு மேனேஜரிடம் பேசிவிட்டார். அவர்களுக்கும் வாயெல்லாம் பல்லாம்.

முட்டி விஷயத்தையும் அவரிடம் மட்டும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நல்ல விங்கரை எதற்கு விட வேண்டும் என்று கேட்டால் காரணம் சொல்லாமல் எப்படி? வெளியே விடமாட்டார்.

கார்னர் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் அப்பாக்காரன் பேச்சு. நான் ரசிகன், எனக்குத்தான் தெளிவாகத் தெரியும். பிப்ரவரியில் நீங்களே எனக்கு நன்றி எழுதுவீர்கள். பாண்டிக்குப் புது பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்புகிறேன், எட்டாம் நம்பர்.

பாத்துவுக்கு ஜனவரி இருபதாம் தேதி ஆபரேஷன். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பாள். பொங்கியண்ணன் கதைக்கு அவளும் சிரித்தாள்.

உங்கள்
குஞ்சு முகம்மது


குருவிமலை,
5.1.2025

பாய்க்கு,

டிசம்பர் முப்பதாம் தேதி மதியம் ஃபாக்டரி ஆபீசில் பாண்டியைக் கூப்பிட்டு உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். மாட்டேன் என்றால் நிரந்தரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். மறுநாள் ஜீப்பில் போய்விட்டான். நீலமேட்டில் நாலு பேருக்கு ஒரு அறை. ரிஞ்சு இங்கே வந்துவிட்டான். கமிட்டி வேட்டு வெடித்தது.

நான் ஜிதின் சாரிடம் போய் நின்றேன். "சங்கையா, நீயும் பாயும் ஒண்ணல்லே? பாய் பறஞ்சா நீ பறஞ்ச மாதிரிதானே" என்று சிரித்தார். முப்பது வருஷமாக எல்லோரும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள், நானும் அதைப் பெருமையாகக் கேட்டு வந்தேன். அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

எனக்குச் சொல்ல வேண்டியதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். ஒரு விஷயத்தை இரண்டு தடவை எழுதிக் கெஞ்சுகிற பழக்கம் எனக்கில்லை.

பூட்ஸ் வந்தது. நீலமேட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சங்கையா


கோபாலபுரம்,
24.2.2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டோம்! ஆறு வருஷத்துக்குப் பிறகு கேடயம்! நேற்று கடையை அடைத்துவிட்டு, நௌஃபல் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தெருவில் பத்துப் பேர் பார்த்தோம். பெனால்டியில் ரிஞ்சு இரண்டு பிடித்தான். இரண்டாவது பந்துக்கு அவன் வலப்பக்கம் பாய்ந்தபோது நான் போட்ட சத்தத்தில் செக்போஸ்ட் போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

தரையோடு வருகிற பந்துக்குக் குனியமாட்டான் என்று எழுதினீர்களே, ஒன்றாவது தரையில் வந்து உள்ளே போனதா?

கூட்டத்தில் உங்களைத் தேடினேன், காணவில்லை. ஜனவரியிலிருந்து ஒரு வரியும் இல்லை. 2009 மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மகனை விட்டுக்கொடுத்த வருத்தம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாம் டீமுக்காகத்தானே இத்தனை வருஷம் தலையை உடைத்துக்கொண்டோம். ஜெயித்த பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி அண்ணா?

உங்களோடு பேசாமல் ஜெயித்தது பாதி ஜெயித்த மாதிரிதான் இருக்கிறது. ஒரு வரி போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

பாத்துவின் ஆபரேஷன் சரியாக வரவில்லை. அந்தக் கண்ணில் இனி பார்வை வராதாம். மற்றதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

உங்கள்
குஞ்சு முகம்மது


கோபாலபுரம்,
9.4.2025

சங்கையாண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமா என்று தெரியவில்லை. பழைய முகவரிக்கே போடுகிறேன், எனக்கு வேறு முகவரி தெரியாது.

கடையில் மாட்டக் கேடயத்தின் படம் ஒன்று வேண்டும் என்று நேற்று ஜிதின் சாருக்குப் போன் செய்தேன். சங்கையாண்ணன் கையில் கொடுத்து அனுப்புங்கள் என்றேன். "சங்கையா போயாச்சல்லோ பாய். மார்ச்சோட அவரு ஜோலி தீர்ந்து. மகன் பேரு இவிடெ இல்ல, வீடு ரிஞ்சுவுக்கு அலாட் ஆயி" என்றார்.

உங்கள் நவம்பர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கல்லாப்பெட்டிக்கு அடியில்தான் இருந்தது. பந்து விஷயம் இருக்கிற மேல் பக்கம் என் விரல் பட்டு அழுக்காகியிருக்கிறது. அதற்குக் கீழே வீட்டு விஷயம் என்று ஆரம்பித்து எல்லாமே எழுதியிருக்கிறீர்கள். மார்ச் முப்பத்தொன்று, லயத்து வீடு, மோனிஷா பரீட்சை எல்லாம். அதில் முட்டி என்ற வார்த்தை மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது அண்ணா. படிக்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்திருப்பேன். மனசில் ஏறவில்லை.

இருபத்திரண்டு வருஷம் அந்த லயங்களில் செருப்பு மூட்டையை இறக்கி வைத்தவன் நான். பேர் போனால் வீடும் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டியல் போட உட்கார்ந்தபோது பதினொரு பேர்தான் தெரிந்தார்கள், அவர்களுக்கு வீடு இருப்பது தெரியவில்லை.

ஜிதின் சாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். இனி டிசம்பரில்தான் பேர் மாற்ற முடியும், அதுவும் முட்டி போன ஆளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார். அதுவும் நான் சொன்னதுதான்.

என் கடைக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. மூன்று பேரும் வாருங்கள். மோனிஷாவைப் பொள்ளாச்சியில் காலேஜில் சேர்க்கலாம். வாடகை என்று வாயெடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பாத்துவும் சொல்கிறாள், "அண்ணன வரச் சொல்லி எழுதுங்க, நாங் கேட்டேன்னு எழுதுங்க" என்று.

என்ன எழுதினாலும் போதவில்லை. திட்டி எழுதுங்கள். ஒரு தடவையாவது வார்த்தையை அடிக்காமல் எழுதுங்கள்.

குஞ்சு முகம்மது


11.5.2025

அன்பான பாய்க்கு,

உங்கள் கடிதத்தைப் பொங்கியண்ணன் தபால்காரரிடம் வாங்கி, பஸ் கண்டக்டர் மூலம் அனுப்பி வைத்தார். கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது.

மோனிஷா பரீட்சையை எழுதி முடித்தாள். கடைசிப் பரீட்சையன்று பாதிச் சாமான் மூட்டையாகிவிட்டது, மூட்டை மேல் உட்கார்ந்து படித்தாள். பாண்டி இந்த வருஷம் ஆடவில்லை. நீலமேட்டுக்குப் போன இரண்டாவது வாரமே முட்டி விஷயம் அங்கே தெரிந்துவிட்டது. விளையாட்டுக்காரன் என்ற சலுகையை எடுத்துவிட்டுக் கவாத்து வேலைக்குப் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று செடி வெட்ட வேண்டும். இப்போது இரண்டு முட்டியும் வலிக்கிறது என்கிறான். உங்கள் பூட்ஸ் அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கிறது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாமானை ஏற்றிக்கொண்டு வரும்போது, தேவிகுளத்தில் வண்டி டயர் பஞ்சர். கடை ஓரம் நின்றிருந்தோம். செபமாலையம்மாள் வந்தாள். ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை, அதற்குப் பின்னாலேயே ஒரு அறை. எங்களை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். சாந்தம்மாளிடம் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமானைப் பார்த்தாலே தெரிகிறதே. கிளம்பும்போது என்னிடம் மட்டும், "கோலி நல்லாப் புடிச்சானாமே?" என்றாள்.

ஆமாம் என்றேன். "எம்மவன குடுத்து வாங்குனீங்களே, அவனும் நல்லாத்தான் அடிச்சான். நீங்களும் பாயும் எழுதி முடிச்சதுன்னு அப்பவே எம்மவன் சொன்னான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வீடு காலியானபோது நான் அதே லயத்தில், நாலு வாசல் தள்ளி இருந்தேன் பாய். அன்றைக்கு சென்டர் ஃபார்வர்டை வரவேற்கப் போயிருந்தேன்.

வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் கடிதங்கள் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன். தூக்கிப் போடத்தான் எடுத்தேன். வந்த இடத்தில் வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். 2018 டிசம்பர், 2019 ஜனவரியில் மட்டும் உங்களுடையது ஆறு. ஒன்றில்கூட செபமாலையம்மாள் எங்கே போனாள் என்று இல்லை. நான் எழுதியது என்னிடம் இல்லை, ஆனால் அதிலும் இருந்திருக்காது. எனக்கு என்னைத் தெரியும்.

ஆகவே உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நீங்கள் எனக்குச் செய்தது நான் அவளுக்குச் செய்ததுதான். ஆனால் அதற்காக மனசு ஆறிவிட்டது என்று எழுதினால் பொய். உங்கள் கடிதத்தைக் கையெழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்திருக்கிறேன். சாந்தம்மாள் இன்னும் காலையில் எழுந்ததும் இல்லாத ஜன்னலைத் திறக்கப் போகிறாள். உங்கள் மாடியில் வந்து இருந்துகொண்டு, தினமும் காலையில் உங்கள் முகத்தைப் பார்த்து டீ குடிக்க என்னால் முடியாது. நீங்கள் கூப்பிட்டது மனசோடு கூப்பிட்டது என்று தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேலே ஊர் பேர் எழுதவில்லை. மறதியால் அல்ல. பொங்கியண்ணனிடமும் கேட்க வேண்டாம், சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பர் வந்தால் உங்களுக்கும் எனக்கும் கை அரிக்கும். யாரைக் கொடுக்கலாம், யாரை வாங்கலாம் என்று தானாக வந்துவிடும். வேண்டாம்.

டின்னில் இருந்த கடிதங்களைப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பாத்துவுக்குக் கண் மங்குகிறது என்று நீங்கள் முதலில் எழுதியது 2021-ல். அதன் பிறகு ஏழு கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், எப்போதும் கடைசியில், இரண்டு வரி. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போனது வலது கண்ணா, இடது கண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

சங்கையா